பைண்டிங் மேசையிலிருந்து அரூப ஓவியத்துக்கு: கொலாஜ் செய்யும் முழு வழிமுறை

நான் எந்த ஓவியக் கல்லூரியிலும் படித்ததில்லை. குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். மைதா பசை காய்ச்சுவது, ஃபாரம் எனும் அச்சடித்த பெரிய தாளை மடிப்பது, மில்போர்டு எனும் தடித்த அட்டையின் மேல் காலிகோ துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுவது எல்லாம் அங்கே கற்றவை. மாலையில் கட்டிங் மெஷினுக்கு அடியில் குவிந்து கிடக்கும் கழிவுத் தாள்களைப் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். கல்யாண அழைப்பிதழின் தங்க ஓரம், பள்ளி நோட்டின் நீலக் கோடு, யாருடைய பெயரோ பாதியில் வெட்டுப்பட்ட இரங்கல் அட்டை. அவற்றைத் தரையில் பரப்பி நகர்த்திக்கொண்டிருந்த இரவுகளில்தான் அரூபம், அதாவது பொருளின் உருவத்தைக் காட்டாமல் வடிவத்தாலும் நிறத்தாலும் மட்டுமே பேசும் ஓவியம், எனக்குப் பிடிபட்டது.

கொலாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒட்டுதல் என்றே பொருள். ஆனால் இதில் ஒட்டுவது கடைசி வேலை. துண்டுகளை ஒட்டாமல் வைத்து, பார்த்து, நகர்த்தி, மறுபடி பார்க்கும் நாட்களில்தான் படம் உருவாகிறது. இதைச் சொல்லத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மற்ற குறிப்புகள் எல்லாம் அந்த நாட்களை உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுப்பதற்காக.

முதலில் தாளின் நரம்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எங்கள் மேஸ்திரி ஒரு பழைய செய்தித்தாளை என் கையில் கொடுத்தார். "மக்களே, இதை மேலிருந்து கீழாகக் கிழி" என்றார். கோடு போட்டது போல நேராகக் கிழிந்தது. "இப்போது குறுக்கே கிழி." கிழிசல் வளைந்து, கோணி, எங்கோ போய் நின்றது. "தாளுக்கும் நரம்பு உண்டு. அது தெரியாமல் பசையைத் தொடாதே" என்றார்.

இயந்திரத்தில் செய்யப்படும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் ஒவ்வொரு நாரும் பருமனில் ஊதுகிறது. நீளத்தில் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் பசை தடவிய தாள் நரம்புக்குக் குறுக்குவாட்டில் விரிகிறது, காயும்போது அதே வாட்டில் சுருங்கி அடியிலிருக்கும் அட்டையை இழுக்கிறது. உங்கள் கொலாஜ் படகு போல வளைந்துவிட்டது என்றால் காரணம் இதுதான்.

கையிலிருக்கும் ஒவ்வொரு வகைத் தாளிலும் இந்தக் கிழிசல் சோதனையைச் செய்து, நரம்பு ஓடும் திசையைப் பின்பக்கம் பென்சிலால் ஓர் அம்புக்குறியாகப் போட்டு வையுங்கள். பெரிய துண்டுகளை ஒட்டும்போது எல்லா அம்புக்குறிகளும் ஒரே திசையில் இருக்கட்டும். உள்ளங்கையைவிடச் சிறிய துண்டுகளுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

கிழிப்பதில் இன்னொன்றும் இருக்கிறது. அச்சடித்த தாளை இரு கையாலும் பிடித்து ஒரு பாதியை உங்களை நோக்கி இழுத்துக் கிழியுங்கள். கிடைக்கும் இரண்டு துண்டுகளில் ஒன்றின் ஓரத்தில் தாளின் வெள்ளை உட்பகுதி நுரை போலத் தெரியும், மற்றதில் தெரியாது. இழுக்கும் கையை மாற்றினால் வெள்ளை ஓரம் அடுத்த துண்டுக்குப் போய்விடும். அந்த வெள்ளை ஓரம் ஒரு கோடு. அதை வேண்டிய இடத்தில் வரவைக்கக் கை பழகிவிட்டால் தூரிகை இல்லாமலே கோடு வரையலாம். ஒரு முழு மாலைப் பொழுதைக் கிழிக்க மட்டும் செலவிடுங்கள்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

நம் மாவட்டத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை. தினசரி காலண்டர் தாள், பழைய கணக்குப் பேரேடு, சிமெண்ட் மூட்டையின் பழுப்புத் தாள், தேங்காய்த் தும்பு, சணல் சாக்கு, பனை ஓலை, கிழிந்த மீன் வலை. சுவரில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு மழையில் கனத்துத் தானாகவே உரிந்து தொங்கும் சுவரொட்டிகள் தனிச் செல்வம். பாரிஸில் 1949 முதல் ரேமோன் ஹேன்ஸும் ஜாக் வில்லெக்லேயும் இப்படிக் கிழிந்த சுவரொட்டிகளையே பெயர்த்தெடுத்துத் தங்கள் படைப்புகளாக வைத்தார்கள். நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தை ஒட்டிய சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும். கீழே விழுந்து கிடப்பதை மட்டும் எடுங்கள். நேற்று ஒட்டியதைக் கிழிப்பது இன்னொருவரின் கூலியைக் கிழிப்பது.

சிலவற்றில் எச்சரிக்கை தேவை. இப்போது பஸ்ஸில் இயந்திரம் தரும் டிக்கெட் வெப்பத்தில் அச்சாகும் தாள். சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும், சூடுபட்டால் கறுத்தும் போகும். அதன் உருவம் வேண்டுமென்றால் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். செய்தித்தாளில் மரக்கூழின் லிக்னின் இருப்பதால் வெளிச்சத்தில் மஞ்சளாகும். அந்த மஞ்சள் உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் பயன்படுத்துங்கள். மீன் வலையை நல்ல தண்ணீரில் மூன்று நாள் மாற்றி மாற்றி ஊறவையுங்கள். உப்பு மிச்சமிருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பசை ஒருநாளும் முழுதாகக் காயாது.

கடற்கரை மணலைத் தூவ ஆசை வரும். வேண்டாம். உப்பு ஒரு காரணம். இன்னொன்று, மணவாளக்குறிச்சிப் பக்கம் கறுப்பும் சிவப்புமாக மின்னும் மணலில் இல்மனைட், கார்னெட்டோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்துத் தூசி கிளப்புவது நல்லதல்ல, எடுக்கவும் கூடாது. சொரசொரப்புக்குச் செங்கல் பொடி போதும். கழுவிக் காயவைத்த தேயிலைச் சக்கையும் அழகான தளம் தரும்.

சேர்த்தவற்றை நிறவாரியாகப் பிரிக்காதீர்கள். மிக வெளுப்பு, வெளுப்பு, நடுத்தரம், இருட்டு, மிக இருட்டு என்று ஐந்து அட்டைப் பெட்டிகள் வையுங்கள். சந்தேகம் வந்தால் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்குச் சண்டை போடுவது போலத் தெரியும். கறுப்பு வெள்ளையில் பல நேரம் இரண்டும் ஒரே சாம்பலாக இருக்கும். அரூபப் படம் சோர்ந்து கிடப்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரே சாம்பல்.

உங்கள் தாளை நீங்களே தயாரிப்பது

அச்சுத் தாள்கள் மட்டும் போதாது. அவை அடுத்தவரின் நிறத்தில் பேசும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தம் கடைசிக் காலக் கத்தரிப்புப் படங்களுக்கு வெள்ளைத் தாள்களில் கவாஷ் எனும் ஒளிபுகா நீர்வண்ணத்தைப் பூசச் செய்து, பிறகே அவற்றை வெட்டினார். அதையே நாமும் செய்யலாம். ஒரு நாளை ஒதுக்கி, 30 தாள்களில் அக்ரிலிக் வண்ணம் பூசுங்கள். எதை வரைகிறோம் என்ற யோசனை வேண்டாம். ஒன்றில் தும்புக் கற்றையால் இழுங்கள். ஒன்றில் சீப்பால் கீறுங்கள். ஒன்றில் ஈர வண்ணத்தின் மேல் பாலித்தீன் தாளை அழுத்தி உரியுங்கள்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு முறையைச் சொல்கிறேன். ரப்பர் பால். நீர்வண்ண ஓவியர்கள் கடையில் வாங்கும் மறைப்புத் திரவத்தில் முக்கியப் பொருள் அதுதான். பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டும் அண்ணனிடம் அரைச் சிரட்டை கேட்டு வாங்குங்கள். சில மணி நேரத்தில் உறைந்துவிடும் என்பதால், தோட்டங்களில் செய்வது போலவே சில சொட்டு அமோனியா சேர்க்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

பழைய தூரிகை ஒன்றைச் சோப்பில் நன்றாகத் தோய்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பால் மயிர்களில் உறைந்து தூரிகை வீணாகும். கெட்டியான டிராயிங் தாளில் பாலால் கோடுகளோ புள்ளிகளோ இடுங்கள். வெள்ளையாக இட்டது காயக் காயக் கண்ணாடி போலத் தெளிந்து, வெளிர்மஞ்சளாகும். அதன் மேல் தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பூசிக் காயவிடுங்கள். பிறகு ஒரு சிறு ஒட்டுபால் உருண்டையால் தேயுங்கள். ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்து கிடக்கும் அந்த ஒட்டுபால், படத்திலுள்ள ரப்பரைப் பற்றிச் சுருட்டி எடுத்துவிடும். அடியில் வெள்ளைக் கோடு பளிச்சென்று எழும். முதன்முறை அது எழுந்தபோது வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே தேய்த்து எடுத்துவிடுங்கள். நாள்பட்டால் தாளோடு பிடித்துக்கொள்ளும். ரப்பரையே படத்தில் விட்டுவைக்கவும் கூடாது. வெளிச்சத்தில் பழுப்பேறி, பிசுபிசுத்து, கடைசியில் உதிரும்.

ஒட்டாமல் பார்த்திருப்பது

இனித்தான் படம் தொடங்குகிறது. என் வேலை ஒன்றையே எடுத்துச் சொல்கிறேன்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி ஒரு படம் செய்ய விரும்பினேன். 1966இல் கட்டிய அந்தப் பாலம் பறளியாற்றின் மேல், 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. முதல் மூன்று முயற்சிகளில் தூண்களைச் செய்தேன். பாலத்தின் படமாக வந்தது. பாலத்தின் அடியில் நிற்கும்போது நெஞ்சில் விழும் அந்தக் கனம் வரவில்லை. மறுபடி போய் நின்றேன். தூணைப் பார்ப்பதை விட்டு, இரண்டு தூண்களுக்கு இடையே நிற்கும் பச்சையைப் பார்த்தேன். நெடிய, ஒடுங்கிய, மேலே வானம் வெட்டிய பச்சை. அதுதான் வடிவம் என்று பட்டது.

வீட்டுக்கு வந்து ஐந்து நெடுந்துண்டுகளைக் கிழித்தேன். நான்கு நான் பூசிய பச்சைகள், ஒன்று பேரேட்டுத் தாள். அட்டையின் மேல் வைத்து, பழைய போட்டோ பிரேமின் கண்ணாடியைப் போட்டு மூடினேன். கண்ணாடி இருந்தால் மின்விசிறி கலைக்காது, நகர்த்தவும் எளிது. விளிம்புகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், கை வெட்டும்.

அப்படியே ஒன்பது நாள் கிடந்தது. தினமும் காலையில் விளக்கைப் போடும் முன், மங்கல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பேன். மூன்றாம் நாள் படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். இடப்பக்கம் சரிந்து விழுவது தெரிந்தது. ஐந்தாம் நாள் எல்லாத் துண்டுகளும் ஏறத்தாழ ஒரே அகலத்தில் இருப்பது கண்ணை உறுத்தியது. வேலி போல இருந்தது. ஒன்றை எடுத்துவிட்டேன், இன்னொன்றை விரற்கடை அளவுக்குக் கிழித்து ஒடுக்கினேன். பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு, சிறியது ஒன்று என்று ஆனதும் மூச்சு வந்தது. ஒன்பதாம் நாள் பேரேட்டுத் தாளை வலப்பக்கம் ஒரு விரல் தள்ளினேன். அதுவரை வெறும் தாளாகக் கிடந்த அடித்தளம் சட்டென்று முன்னே வந்து தூணாக நின்றது. ஒட்டலாம் என்று அப்போது தெரிந்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். நான்கு நாளுக்கு முந்தைய அமைப்பே சிறந்தது என்று பலமுறை தெரியவரும். அட்டையில் இரண்டு பெரிய ‘ட’ வெட்டி எதிரெதிராகப் பிடித்தால் கூட்டிக் குறைக்கக்கூடிய சட்டம் கிடைக்கும். அதைப் படத்தின் மேல் நகர்த்தினால் நீங்கள் தேடிய படம் ஒரு மூலையில் சிறியதாக ஒளிந்திருப்பது தெரியலாம். மிச்சத்தை வெட்டி எறியத் தயங்க வேண்டாம்.

எழுத்து உள்ள தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தைக் கண்டால் நம் கண் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் படிக்கத் தொடங்கிவிடும். ‘திருமண’ என்று ஒரு துண்டு இருந்தால் போதும், முழுப் படமும் கல்யாணமாகிவிடும். எழுத்தைக் குறுக்கே கிழியுங்கள், கவிழ்த்து வையுங்கள், மேலே மெல்லிய வெள்ளை பூசுங்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர், ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்து போன்ற வரிகளையும் ஜாதகக் கட்டங்களையும் படிக்க முடியாதவையாக, பார்க்க மட்டுமானவையாக மாற்றினார். ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் ஒரு விளம்பரத்தின் ‘கொமெர்ஸ்’ என்ற சொல்லிலிருந்து ‘மெர்ஸ்’ என்ற பாதியை மட்டும் கிழித்தெடுத்து, தம் கலைக்கே அதைப் பெயராக்கினார். கிழிந்த சொல்லுக்கு முழுச் சொல்லைவிடப் பலம் அதிகம்.

பசையும் அழுத்தமும்

அடித்தளத்துக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளோ 2 மில்லிமீட்டர் மில்போர்டோ போதும். ஒட்டுப்பலகை என்றால் இரண்டு பக்கமும் ஓரங்களிலும் பிரைமர் பூச வேண்டும். என் முதல் பெரிய படத்துக்கு முன்பக்கம் மட்டும் பூசினேன். ஆடி முடிவதற்குள் பின்பக்கமாக ஈரம் ஏறி, படம் முழுவதும் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிட்டது. ஆறு மாத உழைப்பைத் துடைத்துக் காப்பாற்ற முடியவில்லை.

மைதா பசைக்கு ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை மாறி, கஞ்சி போலக் கண்ணாடித்தன்மை வந்ததும் இறக்கி, துணியில் வடிகட்டுங்கள். பூச்சி வராமலிருக்க பைண்டிங்கில் ஒரு சிட்டிகை துத்தம் (மயில்துத்தம்) சேர்ப்போம். அது நஞ்சு, அந்தப் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் துத்தம் இல்லாமல் காய்ச்சி, அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மைதாவின் நன்மை, ஈரத் துணியை வைத்தால் ஒட்டியதைப் பெயர்க்கலாம். தீமை, கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து.

மேலே வண்ணம் பூசப் போகிறீர்கள் என்றால் ஃபெவிக்காலே நல்லது. இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர். காய்ந்தபின் ஈரத்துக்கு எளிதில் இளகாது. அதனால் மேலே பூசும் வண்ணம் தாளைக் கிளப்பாது. ஒட்டியது ஒட்டியதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

ஒட்டும் முன் அமைப்பின் மேல் டிரேசிங் தாளை வைத்து எல்லா ஓரங்களையும் வரைந்துகொண்டு, துண்டுகளுக்குப் பின்னால் வரிசை எண் இடுங்கள். அடியில் இருப்பது முதலில். பசை தடவிய பெரிய துண்டை உடனே வைக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள். தாள் விரிந்து முடியட்டும். அவசரப்பட்டால் அட்டையின் மேல் விரிந்து குமிழ் விடும். நடுவிலிருந்து வெளியே, ஸ்பூனின் முதுகால் தேயுங்கள்.

முடிந்ததும் பின்பக்கத்திலும் ஒரு முழுத் தாளை, நரம்பு அதே திசையில் இருக்கும்படி ஒட்டுங்கள். முன்பக்க இழுப்பைப் பின்பக்க இழுப்பு சமன் செய்யும். பைண்டிங்கில் புத்தக அட்டையின் உள்ளே தாள் ஒட்டுவதிலும் இந்தப் பலன் உண்டு. இரண்டு பக்கமும் பாலித்தீன் வைத்து, மேலே பலகையும் அம்மிக்கல்லும் ஏற்றி, ஓர் இரவு விடுங்கள். காலையில் பாலித்தீனை எடுத்துவிட்டு உலர்ந்த செய்தித்தாள் வைத்து இன்னொரு நாள்.

தாளைத் தாண்டி

பிக்காசோ 1912இல் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாக ஒரு கயிற்றைச் சுற்றினார். நமக்குக் கயிற்றுக்குப் பஞ்சமா? ஆனால் எதைச் சேர்த்தாலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு வடிவத்தில் பதில் இருக்க வேண்டும். சிப்பி ஒட்டினால் கடல் வந்துவிடாது.

பனங்குருத்தோலையை மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, கனம் ஏற்றித் தட்டையாக்குங்கள். அதன் வழவழப்பான முகத்தில் பசை பிடிக்காது. ஒட்ட முயன்று ஏமாறாமல், குத்தூசியால் முதலில் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்துவிடுங்கள். தையலும் ஒரு கோடுதான்.

ஒளி ஊடுருவும் அடுக்குகளுக்கு டிஷ்யூ தாள். பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலை ஜன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகள் இருக்கின்றன. பகலில் அங்கே நின்றால் இருட்டு மரத்தின் மேல் நிறம் எப்படிக் கசிகிறது என்று பார்க்கலாம். இருட்டான துண்டின் மேல் இரண்டு மூன்று டிஷ்யூ அடுக்குகளை ஃபெவிக்கால் நீரில் ஒட்டிப் பாருங்கள். முழுதும் காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளால் சில இடங்களில் மட்டும் தேய்த்தால் அடியிலிருந்தது மேலே வரும்.

திரும்பத் திரும்ப வரும் அலகை வைத்து எப்படி ஒரு தளத்தைக் கட்டுவது என்பதற்குத் தோவாளை மாணிக்கமாலையைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அரளிப் பூக்களை மடித்து மடித்து வைத்துப் பின்னுகிறார்கள். பூ மறைந்து, சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக, பதித்த கல்லாகத் தெரிகிறது. ஒரு காலைப் பொழுது அந்தக் கைகளைப் பாருங்கள். பூவைப் பூவாகத் தெரியவிடாமல் செய்வதில்தான் அந்த மாலையின் அழகு இருக்கிறது.

வண்ணத்தில் ஒரே விதி: அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும், எண்ணெய் மேல் அக்ரிலிக் நிற்காது.

வார்னிஷ், சட்டம், சுவர்

வார்னிஷ் வேலையைத் தை, மாசி, பங்குனிக்கு ஒதுக்கிவையுங்கள். மழை நாளில் பூசினால் பால் படர்ந்தது போல மங்கும். மெல்லியதாக இரண்டு தடவை, இடையில் ஒரு முழு நாள்.

கண்ணாடிச் சட்டம் போட்டால், படம் கண்ணாடியைத் தொடாதபடி மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். தொட்டால் உட்பக்கம் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். நம் வீடுகளில் ஆனி, ஆடி மழை அறைவது அந்தச் சுவரில்தான்.

மாட்டும் முன் பின்பக்கம் பென்சிலால் தேதி, பசையின் வகை, தாள்கள் வந்த இடம் மூன்றையும் எழுதுங்கள். தொட்டிப்பாலப் படத்தின் பின்னால் ‘மைதா, துத்தம் இல்லை, பேரேடு பெரியப்பாவின் கடை, நரம்பு மேலிருந்து கீழ்’ என்று இருக்கிறது. நான்கு மழை கழித்து அதன் ஒரு மூலை எழும்பியபோது, எந்தப் பசையை ஈரத்துணியால் இளக்க வேண்டும் என்று அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.